ஆளுக்கொரு பேர் சொல்லும் வீட்டில் பையனுக்குப் பேர் முடிவு செய்வது எப்படி?

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பம். தாய்வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. பையன் பிறந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிப் பேர்ப் பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. மாமியாருக்கு, காலமான மாமனாரின் பேர் வரவேண்டும்: பூவராகன். நாத்தனாருக்கு ‘ஷ்’ என்று முடியவேண்டும். பிரான்சில் இருக்கும் என் மாமா, அங்கே உள்ளவர்கள் வாயில் நுழைகிற பேராக வையுங்கள் என்று வாட்ஸப்பில் பேசி அனுப்பினார். ஜோசியர் கொடுத்த எழுத்து ‘இ’. தையல் ஆறாத வயிற்றோடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன், அழுகை வந்தது. முதல் பிள்ளைக்குக் காத்திருக்கும் உங்களுக்கு அந்த நிலை வேண்டாம் என்றுதான் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாருங்கள்

“பேர் சொல்லுங்க, சர்டிபிகேட் போடணும்” என்று யாராவது அவசரப்படுத்துவார்கள். பயப்படாதீர்கள். 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். அதன்பின் 12 மாதத்துக்குள் பேரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதையும் தவறவிட்டால் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்க வழி உண்டு. ஆனால் பதிவேட்டில் ஏறிய பேரை மனம் மாறிவிட்டது என்று மாற்றுவது பெரிய அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதனால் நிதானமாக முடிவெடுங்கள்.

2. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்

யார் சொன்னது, என்ன பேர், ஏன். இந்த மூன்றாவது கட்டத்தை நிரப்பத்தான் பொறுமை வேண்டும். பேரைப் பற்றி வாதாடாமல், “ஏன் அந்தப் பேர் பிடிச்சிருக்கு?” என்று மட்டும் கேளுங்கள்.

மாமியாரிடம் ஒரு ராத்திரி கேட்டேன். பத்தியக் குழம்புக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. “அவரு பேரை நான் ஒருநாளும் வாயால சொன்னதில்ல. சொல்லவும் மாட்டேன். வேற யாராவது கூப்பிடுறதை இந்த வீட்டுல காதால கேட்டா போதும்” என்றார். ஒரு வாரமாகப் பிடிவாதம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். பூவராகன் என்பது ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் பேர். விருத்தாசலம் பக்கம் கொளஞ்சியப்பர் பேரில் கொளஞ்சி, திருவந்திபுரத்துச் சாமி பேரில் தேவநாதன் என்று நம் பக்கத்துப் பேர்களுக்கு ஊர் வாசனை உண்டு. பழசு என்று சட்டெனத் தள்ளிவிடாதீர்கள்.

3. நீங்கள் இருவர் மட்டும் உட்காருங்கள்

தாளை வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்க முடியாதவை எவை என்று கணவன் மனைவி இருவரும் பேசி முடியுங்கள். எங்களுக்கு இரண்டே: தமிழ்ச் சொல்லாக இருக்கவேண்டும், சின்னதாக இருக்கவேண்டும். இதில் ஒத்துப்போகாமல் பெரியவர்கள் முன் போய் உட்கார்ந்தால், ஆளுக்கொரு கட்சி சேர்ந்துவிடும்.

4. நட்சத்திர எழுத்து

27 நட்சத்திரம், ஒன்றுக்கு நான்கு பாதம், மொத்தம் 108 எழுத்து. எங்கள் பையன் கார்த்திகை இரண்டாம் பாதம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ. நல்ல பேர் நிறையக் கிடைத்தன. அஸ்தம் என்றால் பு, ஷ, ண, ட. ணகரத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது. அப்படி மாட்டிக்கொண்டால் அதே நட்சத்திரத்தின் வேறு பாத எழுத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று ஜோசியரிடம் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம்.

5. கூப்பிட்டுப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

கடைசியில் எங்களிடம் இரண்டு பேர் மிஞ்சின: எழிலன், இனியன். கொல்லையில் நின்று தெருவாசல் வரை கேட்கிற மாதிரி இரண்டையும் கூப்பிட்டோம். இனிஷியலோடு சேர்த்துச் சொன்னோம். பிறகு ஆங்கிலத்தில் எழுதினோம். ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுகிறார், இன்னொருவர் வெறும் எல் போடுகிறார். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் ஒன்று என்று ஆகிவிடுமோ என்று எழிலனை மனமில்லாமல் விட்டோம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று. பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களில் முருகன் என்பதை எம்-ஓ-யூ-ஆர்-ஓ-யூ-ஜி-ஏ-என்-இ என்று எழுதுவார்கள். ‘உ’ ஓசைக்கு ஓ-யூ, கடைசி ‘ன்’ மூக்கோசையாகப் போகாமலிருக்க ஓர் இ. உங்கள் பிள்ளையின் தாள்கள் எந்த நாட்டு முறையில் போகப் போகின்றன என்று பார்த்து ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். எண்கணிதத்துக்காக நடுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகச் சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு கவுண்டரிலும் அதை விளக்கிக்கொண்டிருக்கப் போவது அந்தப் பிள்ளை.

6. சொல்லும் முறை

முடிவானபின் “இது எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். “இதுதான் பேர்” என்று சொல்லுங்கள். அவர் வீட்டாரிடம் அவரே சொல்லட்டும், உங்கள் வீட்டாரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

பேருக்கு இடம் ஒன்றல்ல. பதிவேட்டுப் பேர், காதில் சொல்லும் பேர், வீட்டில் கூப்பிடும் பேர் என்று மூன்று உண்டு. தொட்டில் போட்ட அன்று நாத்தனார் மடியில் பிள்ளையை வைத்து, சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்து, காதில் முதலில் பூவராகன் என்று மூன்று தடவை, பிறகு இனியன் என்று மூன்று தடவை சொல்லச் சொன்னோம். அப்பா பேரைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது. ‘ஷ்’ கேட்ட அவர்தான் இன்றைக்கும் அவனைப் பூவராகா என்று கூப்பிடுகிறார். மாமியார் ‘ராசா’ என்பார்.

7. பதிவு

குடியிருக்கும் ஊரில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்துக்கு உரிய பதிவாளரிடம்தான் பேர் சேர்க்கவேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ப் பிரசவம் பார்த்தவர்கள் பலர் இங்கே எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் திரையில் காட்டச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எங்களுக்கு ‘இணியன்’ என்று தட்டியிருந்தார்கள். அங்கேயே நின்று சரிசெய்து வாங்கினோம். அடுத்து ஆதார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கைரேகை எடுக்கமாட்டார்கள். பிறப்புச் சான்றிதழையும் உங்கள் ஆதாரையும் எடுத்துப் போங்கள், சான்றிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலைச் சொல்லுங்கள்.