விவாகரத்துக்குப் பின் 401-கே பணத்தில் உங்கள் பங்கை மீட்க வழக்கறிஞரைத் தேடுவது எப்படி? அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்கான செய்முறை விளக்கம்

நியூஜெர்சியில் வசிக்கும் என் தோழி ஒருத்தி, விவாகரத்துத் தீர்ப்பு வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, முன்னாள் கணவரின் 401-கே கணக்கில் (வேலை செய்யும் நிறுவனத்தின் வழியே சேமிக்கும் ஓய்வூதியக் கணக்கு) தனக்குச் சேர வேண்டிய பாதியைக் கேட்டு, தீர்ப்பின் நகலை அந்தத் திட்டத்தின் நிர்வாகிக்கு அனுப்பினாள். அந்த ஆவணத்தை ஏற்க இயலாது என்று ஒரே பக்கத்தில் பதில் வந்தது. இரண்டு தாள்களையும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, "ஜட்ஜே பாதின்னு எழுதிக் கொடுத்துட்டாரு, அப்புறம் இவங்க யாரு மாட்டேன்னு சொல்றதுக்கு?" என்று கேட்டாள். அவளுடைய கேள்வி நியாயமானது. ஆனால் சட்டம் வேறு மாதிரி இருக்கிறது.

தனியார் நிறுவனங்களின் ஓய்வூதியத் திட்டங்களைக் கட்டுப்படுத்தும் 1974ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டத்தின்படி, அந்தப் பணத்தைக் கணக்குதாரரைத் தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. 1984இல் விவாகரத்துக்காக ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது: சட்டம் கேட்கும் விவரங்கள் அனைத்தும் அடங்கிய தனி நீதிமன்ற ஆணை ஒன்று வந்தால், திட்டம் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஆணையை வழக்கறிஞர்கள் 'க்வாட்ரோ' (QDRO) என்று அழைக்கிறார்கள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கென்னடி வழக்கில், விவாகரத்தின்போதே முன்னாள் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தும், கணக்குதாரர் இறந்தபோது திட்டத்தின் நாமினி படிவத்தில் அவர் பெயரே மாற்றப்படாமல் இருந்ததால் சுமார் 4,00,000 டாலர் அவருக்கே போனது. அது சரி என்றே நீதிமன்றம் கூறியது. திட்ட நிர்வாகி தன் கோப்பில் உள்ள தாளுக்குத்தான் கட்டுப்படுவார். ஆகவே நீங்கள் தேட வேண்டியவர், அந்தத் தாளைத் திட்டம் ஏற்கும்படி எழுதத் தெரிந்தவர்.

படி 1: கணக்கு எந்த வகை என்று பாருங்கள்

401-கே, தனியார் நிறுவன பென்ஷன் ஆகியவற்றுக்கு க்வாட்ரோ வேண்டும். ஐஆர்ஏ (தனிநபர் தாமே தொடங்கும் ஓய்வூதியக் கணக்கு) கணக்குக்கு அது தேவையில்லை. விவாகரத்துத் தீர்ப்பின் அடிப்படையில் பங்கை நேராக உங்கள் ஐஆர்ஏவுக்கு மாற்றலாம், வழக்கறிஞரின் வேலை அங்கே குறைவு. ஃபெடரல் அரசு ஊழியர், ராணுவத்தினர், மாநில அரசு ஊழியர் ஆகியோரின் ஓய்வூதியத்துக்குத் தனித்தனி விதிகள் உண்டு. அவற்றில் பழக்கமுள்ளவரையே பிடிக்க வேண்டும்.

படி 2: தாள்களைச் சேருங்கள், திட்டத்துக்கு எழுதுங்கள்

தீர்ப்பு, சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம், திருமணத் தேதியையும் பிரிவுத் தேதியையும் ஒட்டிய கணக்கு அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். திட்டத்தின் முழுப் பெயர் முக்கியம். அறிக்கையின் தலைப்பில் இருப்பது பெரும்பாலும் பணத்தைப் பராமரிக்கும் முதலீட்டு நிறுவனத்தின் பெயர்தான். திட்டத்தின் சட்டப்பூர்வப் பெயர் வேறு. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு திட்டமும் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 5500 எண் படிவத்தைத் தேடினால், பெரும்பாலும் அந்தப் பெயர் கிடைக்கும்.

வழக்கறிஞர் கிடைக்கும்வரை காத்திராமல், விவாகரத்து ஆணையின்படி உங்களுக்குப் பங்கு உண்டு என்று திட்ட நிர்வாகிக்குக் கடிதம் எழுதி, க்வாட்ரோ தொடர்பான எழுத்து நடைமுறையையும், மாதிரி ஆணை இருந்தால் அதையும் கேளுங்கள். அத்தகைய நடைமுறையை ஒவ்வொரு திட்டமும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதில் வராவிட்டால், தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பிரிவிலுள்ள ஆலோசகர்கள் கட்டணமின்றி உதவுவார்கள்.

படி 3: உங்களுக்கு வேண்டியது எழுதுபவரா, வழக்காடுபவரா?

பணம் இன்னும் கணக்கில் இருந்தால், ஆணையை வரைந்து நீதிமன்றத்தில் ஒப்புதல் வாங்கித் தருபவர் போதும். ஆண்டுகள் பல ஓடிவிட்டன என்று மனம் தளர வேண்டாம். தாமதமாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஆணையை நிராகரிக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வகுக்கப்பட்ட விதி தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் முன்னாள் துணைவர் பணத்தை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தால், இல்லாத பணத்தைத் திட்டம் தர முடியாது. அப்போது தீர்ப்பை மீறினார் என்று அவர் மீதே மனுப் போட்டு வசூலிக்க வேண்டும். அதற்குக் குடும்ப நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர் தேவை. இதை முதலிலேயே பிரித்தறிந்தால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

படி 4: எங்கே தேடுவது

முதலில் உங்கள் விவாகரத்து வழக்கறிஞரிடமே கேளுங்கள்: க்வாட்ரோ தாக்கல் செய்யப்பட்டதா, இல்லையா? தீர்ப்போடு தன் பணி முடிந்தது என்று கோப்பை மூடிவிடுபவர்கள் உண்டு, என் தோழிக்கு நேர்ந்தது அதுதான். அடுத்து, மாநில வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையை அழைத்து, "விவாகரத்தில் ஓய்வூதியப் பிரிவினை" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி மையங்கள் உள்ளன. ஃபெடரல் நிதியுதவியோடு இலவசமாக இயங்கும் பென்ஷன் ஆலோசனை மையங்களும் பல மாநிலங்களில் இருக்கின்றன.

நீங்கள் இப்போது டெக்சாஸில் இருந்தாலும் தீர்ப்பு நியூஜெர்சியில் வந்தது என்றால், பொதுவாக நியூஜெர்சியில் உரிமம் பெற்றவரே தேவை. இந்தியக் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். க்வாட்ரோ என்பது அமெரிக்க மாநிலக் குடும்பச் சட்டத்தின் கீழ் பிறக்கும் ஆணை. சென்னையில் வாங்கிய தீர்ப்பை நேராகத் திட்டத்துக்கு அனுப்பிப் பணம் கேட்க முடியாது. வெளிநாட்டுத் தீர்ப்பை மாநில நீதிமன்றத்தின் முன் கொண்டுசென்ற அனுபவம் உண்டா என்பதையே அவர்கள் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

படி 5: முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

இதுவரை எத்தனை க்வாட்ரோக்களை வரைந்திருக்கிறார், நீதிபதியின் கையொப்பத்துக்கு முன்பே வரைவைத் திட்டத்துக்கு அனுப்பிச் சரிபார்ப்பாரா, நிராகரிக்கப்பட்டால் திருத்துவதற்குத் தனிக் கட்டணமா, கட்டணம் மொத்தமாகவா மணிக்கணக்கிலா என்று கேளுங்கள். பென்ஷன் திட்டமாக இருந்தால், கணக்குதாரர் முன்னதாக இறந்துபோனால் உங்கள் பங்கு என்னவாகும் என்பதையும் ஆணையில் எழுதச் சொல்லுங்கள்.

லாபநட்டம் பற்றிய கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பிரிவுத் தேதியில் கணக்கில் 2,00,000 டாலர் இருந்தது, உங்கள் பங்கு 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வரும் நாளில் அந்த முதலீடு ஒன்றரை மடங்காகியிருந்தால், உங்கள் பங்கு 1,50,000 ஆக இருக்க வேண்டும். இடைக்கால லாபநட்டமும் சேரும் என்ற ஒரு வரி ஆணையில் இல்லாவிட்டால், அந்த 50,000 டாலர் உங்களுக்கு வராமலே போகலாம். கணக்கின் மீது முன்னாள் துணைவர் கடன் வாங்கியிருந்தால், அதைக் கழித்து எண்ணுவதா, கழிக்காமலா என்பதும் எழுதப்பட வேண்டும். என் தோழியின் புதிய வழக்கறிஞர், நாங்கள் கேட்பதற்கு முன்பே இவ்விரண்டையும் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். அப்போதே சரியான ஆளிடம் வந்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

படி 6: ஆணை போகும் வழி, பணம் வரும் வழி

வரைவு திட்டத்தின் பார்வைக்குப் போய்த் திரும்பியதும், நீதிபதி கையொப்பமிடுவார். சான்றிட்ட நகலைத் திட்டத்துக்கு அனுப்பும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் கையொப்பமான ஆணை மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிடுவது உண்டு. ஆணை வந்துசேர்ந்த பிறகு, அதன் தகுதியைத் தீர்மானிக்கும்வரை திட்டம் உங்கள் பங்கைத் தனியே காக்க வேண்டும். அதற்கான உச்ச காலம் 18 மாதங்கள்.

ஏற்பு வந்ததும் அவசரப்பட்டு ரொக்கமாக வாங்காதீர்கள். நேரடி ரோல்ஓவர் மூலம், அதாவது பணம் உங்கள் கைக்கு வராமல் நேராக, உங்கள் ஐஆர்ஏவுக்கு மாற்றினால் அப்போது வரி இல்லை. கையில் வாங்கினால் 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அதே சமயம், வீட்டு வாடகைக்கோ வழக்குச் செலவுக்கோ பணம் உடனே தேவைப்பட்டால், அந்த அளவை மட்டும் 401-கேயிலிருந்தே நேராக எடுங்கள்: க்வாட்ரோ மூலம் அப்படி எடுக்கும் பணத்துக்கு, ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவர்கள் வழக்கமாகக் கட்டும் 10 சதவீத அபராதம் கிடையாது, வருமான வரி மட்டுமே உண்டு. ஐஆர்ஏவுக்கு மாற்றிய பிறகு எடுத்தால் அந்தச் சலுகை போய்விடும். எனவே எவ்வளவு எடுப்பது, எவ்வளவு மாற்றுவது என்பதை, திட்டம் அனுப்பும் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே வழக்கறிஞரோடும் வரிக் கணக்காளரோடும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.