மலையில் கனமழை ஓய்ந்த பிறகு: தண்ணீரும் காய்ச்சலும்

2019 ஆகஸ்டில் நீலகிரி மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட மழைக்குப் பின் நீலகிரியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஊற்றுத் தண்ணீரை. மேட்டு வீட்டுக் கழிவறைக் குழி நிரம்பினால், கசிவு கீழ் வீட்டு ஊற்றில்தான் சேரும். தண்ணீர் தெளிவாகத் தெரிவதை நம்ப வேண்டாம்.

கலங்கல் தெளியவிட்டு, துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 93 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தளதளவென ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இங்கே மூன்று நிமிடம் விடுங்கள். கேஸ் செலவுதான், ஆனால் மஞ்சள் காமாலைச் செலவைவிடக் குறைவு.

அடுத்தது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் நடந்தால் கிருமி உள்ளே போகும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், வீட்டுச் சேற்றை வாருகிறவர்கள் பூட்ஸ் போடுவது நல்லது. காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் வரும். அதற்குள் சேற்றில் நின்றதே மறந்திருக்கும்! கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். டாக்டரிடம் சேற்றில் வேலை செய்ததைச் சொல்லுங்கள். புதர்ப் பக்கம் போனவர் உடம்பில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருந்தால் அதையும் காட்டுங்கள். அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம்.

வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கரைக்கவும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்தான்.