குளிரில் திணறும் பழைய எம்பிஎஃப்ஐ கார்: பிளக்கை மாற்றும் முன் கூலன்ட் சூட்டைப் பாருங்கள்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி காலைகளில் பழைய மாருதி 800, ஜென், ஆல்ட்டோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒரே புகார்தான். ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது, முதல் கியரில் விக்கி விக்கிப் போகிறது, மைலேஜும் இல்லை. புது பிளக் போட்டால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான். என் ஜென்னிலும் இதேதான். பிளக்கில் கரி பிடிப்பது விளைவு, காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் சோக் செய்த வேலையை, அதாவது குளிரில் பெட்ரோலைக் கூட்டுவதை, எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் மூலம் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் இசிஎம் என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் செய்கிறது. இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் (குளிர்விக்கும் நீர்) எவ்வளவு சூடு என்று அதன் சென்சார் சொல்கிறதோ அதை அப்படியே நம்பி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இன்ஜின் சூடாகவே இல்லையென்றாலும், சூடாகியும் சென்சார் தவறாகச் சொன்னாலும், பெட்ரோல் அதிகமாகவே போய்க்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலை இந்த இரண்டில் எது என்று பிரிப்பது.

ஒரு மல்டிமீட்டர், தண்ணீரில் முக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், இது போதும். ப்ளூடூத் ஸ்கேனர் வாங்காதீர்கள். நம் நாட்டில் ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே கண்டறிந்து ஸ்கேனருக்குச் சொல்லும் வசதி) கட்டாயமானதே 2010-ல் பிஎஸ்-4 புகை விதி வந்தபோதுதான், அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் அது இணையவே இணையாது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் பளபளக்கும் அலுமினியத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கையில் இருந்தால் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் பாருங்கள்.

முதல் படி: ஹோஸைத் தொட்டுப் பார்ப்பது

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்கு மேலே வரும் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள் (ஃபேன் பக்கம் கை, துப்பட்டா எதுவும் போகக் கூடாது, அது திடீரென்று சுற்றும்). தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு) ஒழுங்காக இருந்தால் ஹோஸ் கொஞ்ச நேரம் ஜில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது, அல்லது உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டெம்பரேச்சர் முள் கீழே சரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

"இல்லை" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சமவெளியில் வண்டி ஓவர்ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது நம் ஊரில் பரவலான வழக்கம். அப்படிக் கழற்றிய வண்டி மலைக்கு வந்தால் அது சூடாகவே ஆகாது. பழைய இசிஎம் இதற்கு எந்த விளக்கையும் எரியவிடாது, அதற்கு இது வெறும் குளிர்ந்த இன்ஜின்தான்.

இரண்டாம் படி: சென்சார்

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒற்றை வயர் உள்ளது மீட்டர் முள்ளுக்கு, இரண்டு வயர் உள்ளது இசிஎம்முக்கு. முள் சரியாகக் காட்டுகிறது என்பதால் இசிஎம்முக்கும் சரியான தகவல் போகிறது என்று அர்த்தமில்லை.

இக்னிஷனை ஆஃப் செய்து, இரண்டு வயர் சாக்கெட்டைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களுக்கும் இடையே 20 கிலோ ஓம் ரேஞ்சில் அளந்து பாருங்கள். சுசுகி சென்சாரில் 20 டிகிரியில் ஏறக்குறைய 2.2 முதல் 2.7 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் வர வேண்டும். குளிர்ந்தால் ஓம் கூடும்.

சென்சார் நன்றாக இருந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள், சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். என் வண்டியில் ஒரு பின்னைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. இந்த மாதிரி களிம்பு 300 ஓம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலையில் 4,500 ஓம் இருக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. இன்ஜின் சூடாகி சென்சார் 300-க்கு வந்த பிறகு இசிஎம் பார்ப்பது 600. அதாவது 80 டிகிரி இன்ஜினை 60 டிகிரி என்று நினைத்துப் பெட்ரோலை ஊற்றுகிறது. இதனால்தான் காலையில் மட்டும் அளந்துவிட்டு "சென்சார் ஓகே" என்று சொல்லக் கூடாது. உறுதி செய்ய, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சென்சார் சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, இசிஎம் சாக்கெட்டை உருவி, அதே இரண்டு வயர்களில் அந்த முனையிலிருந்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். கான்டாக்ட் க்ளீனர் அடித்து மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும், உப்புத்தாள் போடாதீர்கள்.

மூன்றாம் படி: தெர்மோஸ்டாட்டை வேக வைப்பது

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, தண்ணீரில் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறக்க ஆரம்பிக்கும் டிகிரி அதன் மேலேயே அடித்திருக்கும், 82 அல்லது 88.

ஊட்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்க 95 பக்கம் வேண்டும். அதனால் பாதி திறந்து நின்றால் அது பழுது இல்லை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த டிகிரியில் அசைய ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, காலையில் மட்டும் நின்று, சூடானதும் பிரச்சினை இல்லையென்றால் த்ராட்டில் பாடியையும் (இன்ஜினுக்குக் காற்று போகும் வாய்) ஐடில் வால்வையும் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது காற்று விடுவது) சுத்தம் செய்யுங்கள், வெடித்த வேக்யூம் ஹோஸ் இருக்கிறதா பாருங்கள். காற்றுக் கசிவைத் தேட ஓடும் இன்ஜினில் பெட்ரோல், கார்ப் க்ளீனர் அடிப்பவர்கள் உண்டு. தீப்பிடிக்கும், சோப்புத் தண்ணீரே போதும்.

பின்சேர்க்கை: புது தெர்மோஸ்டாட் போட்டும் முள் ஏறி இறங்குகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது உள்ளே மாட்டிய காற்று. தெர்மோஸ்டாட்டில் ஆடும் சின்ன பின் ஒன்று இருக்கும், அது மேல்பக்கம் வரும்படி மாட்டுங்கள். ஹீட்டர் நாபை ஹாட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த இன்ஜினை ஐடிலில் விட்டு, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஹோஸ் சூடாக ஆரம்பித்ததும் மூடிவிடுங்கள்.