லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனபின் வண்டி ஓட்டுவது: நெல்லைப் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

வண்ணார்பேட்டையில் போன் பேசிக்கொண்டே பைக் ஓட்டியவரை நிறுத்தி, லைசென்ஸை வாங்கிக்கொண்டு போலீஸ் ஒரு சீட்டு கொடுக்கிறது. அவர் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துவிட்டு அதே பைக்கில் பாளையங்கோட்டைக்குக் கிளம்புகிறார். கேட்டால், "அதான் சீட்டு இருக்குல்லா அண்ணாச்சி" என்பார். முதல் தவறு இங்கேதான். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 206-வது பிரிவில் சேர்த்த விதிப்படி, அதிவேகம், சிக்னல் மீறல், ஓட்டும்போது போன், குடி, பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாமை, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது போன்றவற்றுக்காகப் பறித்த லைசென்ஸுக்குத் தரும் சீட்டு வெறும் ரசீது. லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை ஓட்ட அது அனுமதி ஆகாது. பழைய நடைமுறையில் சீட்டை வைத்து ஓட்ட முடிந்தது, அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது என்று நினைப்பது அடுத்தது. அபராதம் குற்றத்துக்கு, சஸ்பெண்ட் தனி. பறித்த லைசென்ஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அது லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் வரும். மேலப்பாளையத்துப் பழைய வீட்டு முகவரியை மாற்றாமல் மகாராஜநகரில் குடியிருந்தால், நோட்டீஸ் திரும்பிப் போய், பதில் இல்லை என்று உத்தரவு போட்டுவிடுவார்கள். நோட்டீஸ் கிடைத்தால் நேரில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். அதிகாரி விட்டுவிடவும் சட்டத்தில் இடமுண்டு. முதல் தடவை 3 மாதம் சஸ்பெண்ட், மறுபடி சிக்கினால் லைசென்ஸே ரத்து. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் போடலாம். ஆனால் அப்பீல் போட்டதாலேயே வண்டி எடுக்க முடியாது, சஸ்பெண்டை நிறுத்திவைக்கும் உத்தரவு தனியாக வேண்டும்.

"ஊருக்குள்ளதானே, மெயின் ரோட்டுக்குப் போகலையே" என்பதும் எடுபடாது. பொது இடம் எதுவானாலும் 182-வது பிரிவு பாயும்: 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சஸ்பெண்ட் ஆனதை மறைத்துத் தென்காசியிலோ நாகர்கோவிலிலோ புதிதாக எல்.எல்.ஆர். போடலாம் என்று யோசனை சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. விண்ணப்பித்தாலே அதே பிரிவுதான், வாங்கிய லைசென்ஸும் செல்லாது.

பெரிய அடி வண்டி முதலாளிக்கு. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் லோடு வண்டிக்கு டிரைவர் தேவை. வந்தவர் ஜெராக்ஸ் காட்டுகிறார். அதில் செல்லுபடித் தேதி 2031 என்று இருக்கும், சஸ்பெண்ட் ஆனது இருக்காது. மத்திய அரசின் போக்குவரத்து இணையதளமான பரிவாகனில் லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டால் நிலவரம் தெரியும், இரண்டு நிமிட வேலை. பார்க்காமல் சாவி கொடுத்து, நாங்குநேரி பக்கம் நான்குவழிச் சாலையில் விபத்து நடந்தால், 180-வது பிரிவில் முதலாளிக்கு 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ இரண்டுமோ வரலாம். அதைவிட இன்சூரன்ஸ்தான் கவலை. தடைக்காலத்தில் ஓட்டியவர் என்றால் கம்பெனிக்கு மறுக்க வழி கிடைக்கிறது. சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் வருவது கஷ்டம். அடிபட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாகலாம். உயிரிழப்பு என்றால் தொகை லட்சக்கணக்கில் போகும். ஸ்வரண் சிங் என்பவர் தொடர்பான இன்சூரன்ஸ் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, முதலாளியின் அலட்சியத்தைக் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். அதனால் வேலைக்குச் சேர்க்கும் அன்று பார்த்த பக்கத்தைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லோடு வேனின் பின்னால் ஆள் ஏற்றிப்போவதும் லைசென்ஸைப் பறிகொடுக்கும் காரணங்களில் ஒன்று. வாடகை வாங்காமல் சொந்தக்காரர்களை ஏற்றினாலும் அப்படித்தான்.

மூன்று மாதம் கழிந்த மறுநாளே வண்டி எடுப்பது கடைசித் தவறு. உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் புத்தாக்கப் பயிற்சி முடித்த சான்றிதழைக் காட்டினால்தான் லைசென்ஸைத் தருவார்கள். நாள் முடியும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எந்தப் பள்ளி என்று கேட்டுப் பயிற்சியை முடித்துவிடலாம். கார்டு கைக்கு வந்த பிறகும் தளத்தில் நிலவரம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.