லிமாவ் கஸ்தூரியில் வெள்ளிக் கோடா? மருந்துப் புட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் லயத்து வீடோ தாமான் வீடோ, வாசலில் ஒரு எலுமிச்சையோ லிமாவ் கஸ்தூரியோ நிற்கும். மழைக்குப் பின் விட்ட கொழுந்து சில நாளில் சுருண்டு, நத்தை ஊர்ந்தது போல வெள்ளிக் கோடு விழுந்தால், பலரும் பூஞ்சை மருந்தைத்தான் அடிக்கிறார்கள். காசுதான் வீண். அது நோயில்லை, இலைத்துளைப்பான் என்னும் சிறு அந்துப்பூச்சியின் புழு செய்யும் வேலை.

இலையை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெள்ளிக் கோட்டின் நடுவே மெல்லிய கறுப்பு இழை ஓடும். அது புழுவின் எச்சம். கோடு முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் நீளத்துக்கு மிகாத மஞ்சள் பச்சைப் புழு இருக்கும். இலையோரம் மடிந்திருந்தால் உள்ளே கூட்டுப்புழு. அந்துப்பூச்சி சிறகு விரித்தாலே 4 மில்லிமீட்டர்தான். சிறகு நுனியில் கறுப்புப் புள்ளி. பொழுது சாய்ந்தபின் வந்து இளந்தளிரில் மட்டும் ஒவ்வொன்றாக முட்டையிடும். புழு முட்டையிலிருந்து நேராக இலைத் தோலுக்குள் போய்விடுவதால் மேலே அடிக்கும் மருந்து அதன் மேல் படுவதே இல்லை.

சுருண்ட பிறகு அடிப்பதுதான் பெரிய தவறு. புதுத் தளிர் ஒரு அங்குலம் நீளும்போதே தொடங்க வேண்டும். 5 மில்லி வேப்பெண்ணெயில் சில துளி பாத்திர சோப்பை முதலில் கலக்கி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள்; தண்ணீரில் நேரே எண்ணெயை விட்டால் மிதக்கும், இலை கருகும். இலையின் அடிப்பக்கமும் நனையட்டும். வாரம் ஒரு தடவை, இலை முற்றும்வரை. வெயில் இறங்கியபின் அடியுங்கள். எண்ணெயின் வேலை முட்டையிட வரும் பூச்சியை விரட்டுவது. உள்ளே போன புழுவை அது ஒன்றும் செய்யாது.

சுருண்ட இலையைப் பார்க்கச் சகிக்காமல் கிள்ளி எறிவதும் வேண்டாம். மிச்சப் பச்சை மரத்துக்குச் சோறு போடும். கிள்ளினாலும் யூரியாவை அள்ளிப் போட்டாலும் மறுபடி தளிர் வெடிக்கும், பூச்சிக்குப் பந்தி விரித்த மாதிரி. நாலைந்து வயதான மரம் இதைத் தாங்கிக்கொள்ளும். பார்த்துப் பார்த்துக் காக்க வேண்டியது கன்றுகளைத்தான்.

கடும் மருந்து குட்டிக் குளவிகளையும் கொல்லும். இந்தப் புழுவைத் தின்றே வளரும் அவற்றில் ஒன்றை, தாய்லாந்துப் பூர்வீகம், 1994இல் ஃபுளோரிடாக்காரர்கள் தேடிக் கொண்டுபோய் எலுமிச்சைத் தோட்டங்களில் விட்டார்கள். நாம் இருப்பதைச் சாகடிக்கிறோம்.

மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் கதை வேறு. புழு கீறிய வழியாகச் சொறிநோய்க் கிருமி புகுந்துவிட்டது. இலையில் ஈரமில்லாத நேரம் பார்த்து அந்தக் கிளையை வெட்டி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.