குந்துமணி அளவாவது தங்கம்: குறைந்த பணத்தில் வாங்கத் தொடங்குவோருக்கு

“குந்துமணி தங்கம்கூட இல்லை” என்று சொல்வோமே, அந்தக் குந்துமணி ஒரு காலத்தில் பொன் நிறுக்கும் எடைக்கல். சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை ஏறக்குறைய 0.12 கிராம் இருக்கும். அந்த அளவுக்குத் தங்கம் வாங்குவது இன்றைக்கும் முடியும், போனிலேயே முடியும். ஆனால் வாங்கும் அளவு சிறுத்துக்கொண்டே போகும்போது கிராமுக்கு நாம் கொடுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும். இது தெரியாமல் நான் ஒன்றரை வருடம் அரை அரை கிராமாக வாங்கினேன். விற்கப் போன அன்றுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்கள் வாங்குவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: எந்தப் பணத்தில் வாங்குவது

அடுத்த மாதம் தேவைப்படக்கூடிய பணத்தில் தங்கம் வாங்காதீர்கள். வாங்கிய மறுநாளே விற்றால் நஷ்டம் உறுதி. கிரெடிட் கார்டு பாக்கி, வட்டிக் கடன் எதுவும் இருந்தால் முதலில் அதை அடைத்துவிடுங்கள். அந்த வட்டியைத் தாண்டித் தங்கம் ஏறும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

தங்கம் இறங்காது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999-ல் அது சுமார் 250 டாலருக்கு வந்துவிட்டது. மறுபடி 850-ஐப் பார்க்க 2008 ஆயிற்று. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் 28 வருடம் காத்திருந்தார். சில வருடங்கள் தொடாமல் இருக்க முடிகிற பணம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும். அதில் தொடங்குங்கள்.

படி 2: எடை, மாற்று

உலகச் சந்தை விலை டிராய் அவுன்ஸுக்குச் சொல்லப்படும். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். மளிகை எடையில் வரும் 28.35 கிராம் அவுன்ஸ் வேறு. இதைக் குழப்பிக்கொண்டால் முழுக் கணக்கும் தப்பாகிவிடும். லண்டனில் ஒவ்வொரு வேலை நாளும் அந்த ஊர் நேரப்படி காலை 10.30-க்கும் மாலை 3 மணிக்கும் ஒரு அடிப்படை விலை முடிவாகிறது. டாலரில் சொல்லும் அந்த விலையை 31.1035-ஆல் வகுத்தால் ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் டாலர் விலை.

மாற்று என்பது சுத்தம். 24 காரட் என்றால் முழுத் தங்கம், 999 என்று பொறித்திருக்கும். 22 காரட்டில் 24 பங்குக்கு 22 பங்கு தங்கம், அதனால்தான் ஆயிரத்துக்கு 916. 18 காரட் 750. நாம் பவுன், சவரன் என்று சொல்லும் எடைகூட ஒரு நாணயத்திலிருந்து வந்ததுதான். பிரிட்டிஷ் சாவரின் 22 காரட், எடை 7.988 கிராம். அதை முழுதாக்கித்தான் நாம் 8 கிராம் என்கிறோம்.

படி 3: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முதலில் உலோக மதிப்பு: அன்றைய சுத்தத் தங்க விலை × எடை × மாற்று (22 காரட் என்றால் 0.916). இரண்டாவது, கடைக்காரர் கேட்கும் மொத்த விலை, வரி எல்லாம் சேர்த்து. மூன்றாவது, அதே பொருளை அதே நாளில் திருப்பிக் கொடுத்தால் அவர் தரும் விலை. இந்த மூன்றாவது எண்ணைத்தான் யாரும் கேட்பதில்லை. வாங்கும்போதே வாய்விட்டுக் கேளுங்கள்: “இதையே இப்போது நான் விற்க வந்திருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?”

கணக்குக்காக ஒரு கிராம் சுத்தத் தங்கத்தின் மதிப்பு 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் பிஸ்கட்டுக்கு 1,120 கேட்கிறார்கள்; திருப்பி எடுத்தால் 970 தருவார்கள். 1,120-ஐ 970-ஆல் வகுத்தால் 1.155. அதாவது தங்கம் 15.5 சதவீதம் ஏறினால்தான் நாம் போட்ட பணம் கைக்கு வரும். அதே கடையில் 10 கிராம் பிஸ்கட்டுக்கு 10,300 கேட்டு, 9,850-க்குத் திருப்பி எடுத்தால் இடைவெளி 4.6 சதவீதம்தான்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. உருக்குவது, தகடாக்குவது, முத்திரை குத்துவது, வரிசை எண் போட்டு அட்டையில் அடைப்பது, எல்லா வேலையும் ஒரு கிராமுக்கும் உண்டு, பத்து கிராமுக்கும் உண்டு. கூலி கிட்டத்தட்ட ஒன்றுதான், ஒரு கிராமில் அதைச் சுமக்கும் தங்கம்தான் குறைவு. அரை கிராமில் அந்தக் கூலி இன்னும் உறைக்கும்.

படி 4: எந்த வடிவில்

அட்டையில் அடைத்த பிஸ்கட், நாணயம்: கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு இது. ஒரு கிராம் பிஸ்கட்டை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் “இவ்வளவுதானா!” என்பார்கள். தங்கம் அவ்வளவு அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 15 மில்லிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம் இருந்தால் கனம் 0.4 மில்லிமீட்டர்தான் வரும். ஏறக்குறைய சுண்டுவிரல் நகம். நாணயங்களில் அவுன்ஸில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 3.11 கிராம் அளவு பல நாடுகளில் அச்சாகிறது. என் கருத்தில், பொருளாகவே வாங்குவதானால் இந்த அளவுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

நகை: போட்டுக்கொள்ள வாங்குங்கள், அந்த ஆசை நியாயமானது. சேமிப்பு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. குட்டி மூக்குத்தி, மெல்லிய கம்மல் போன்றவற்றில் கூலியின் பங்குதான் அதிகம். கல் வைத்ததானால் கல்லின் எடையைத் தனியாகக் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

டிஜிட்டல் தங்கம்: மிகச் சிறிய தொகைக்கு வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் ஆப்பைத் திறந்ததும் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். படி 3-ன் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். பிறகு மூன்று கேள்விகள். தங்கம் உண்மையில் யாருடைய பெட்டகத்தில் இருக்கிறது? நிறுவனம் மூழ்கினால் அந்தத் தங்கம் என் பெயரில் தனியாக நிற்குமா, அவர்கள் கடன்காரர்களுக்குப் போகுமா? பொருளாக எடுத்துக்கொள்ள எத்தனை கிராம் சேர வேண்டும், அப்போது எவ்வளவு கூலி? விதிமுறைப் பக்கத்தில் பதில் தெளிவாக இல்லாவிட்டால் நான் பணம் போட மாட்டேன்.

தங்க ஈடிஎஃப்: பங்குச் சந்தையில் வாங்கும் தங்க யூனிட். சேமிப்பு மட்டுமே நோக்கம் என்றால் சிறிய தொகைக்குப் பெரும்பாலும் இதில்தான் இடைவெளி குறைவு. வருடாந்திரச் செலவு விகிதத்தையும் (ஈடிஎஃப் நடத்தும் நிறுவனம் வருடாவருடம் பிடித்துக்கொள்ளும் சதவீதம்) தரகுக் கட்டணத்தையும் பாருங்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான தொகை பிடிக்கும் தரகரிடம் குட்டிக் குட்டி ஆர்டர் போட்டால் அந்தக் கட்டணமே தங்கத்தைத் தின்றுவிடும்.

படி 5: மாதாமாதம் சேர்ப்பது

ஈடிஎஃப் என்றால் ஒவ்வொரு மாதமும் ஒரே தொகைக்கு வாங்குங்கள். ஏன் ஒரே தொகை? மாதம் 100 போடுகிறீர்கள், கிராம் விலை மூன்று மாதத்தில் 100, 80, 125 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 1 கிராம், அடுத்து 1.25, பிறகு 0.8. மொத்தம் 300-க்கு 3.05 கிராம், கிராமுக்கு 98.4 தான் ஆகிறது. மூன்று மாத விலையின் சராசரியோ 101.7. விலை இறங்கிய மாதத்தில் தானாகவே அதிகம் வாங்கியிருக்கிறோம், அவ்வளவுதான் சூட்சுமம்.

பொருளாக வாங்குகிறவர்கள் தங்கத்தை மாதாமாதம் வாங்காமல் பணத்தை மாதாமாதம் ஒதுக்குங்கள். தனி வங்கிக் கணக்கு இருந்தால் நல்லது, உண்டியலும் போதும். ஐந்து கிராமுக்குத் தேவையானது சேர்ந்ததும் ஒரே தடவையாக வாங்குங்கள். இடையில் விலை ஏறிவிடுமே என்று மனம் அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு சிறு பிஸ்கட்டுக்கும் கொடுக்கும் கூடுதல் விலை நிச்சயமான நஷ்டம், விலை ஏறுவது ஊகம்.

படி 6: கடையில் நிற்கும்போது

தராசு 0.001 கிராம் வரை காட்டுகிறதா என்று பாருங்கள். அந்த வகைத் தராசுக்குக் கண்ணாடிக் கதவு இருக்கும். கதவு திறந்திருந்து மேலே மின்விசிறியும் ஓடினால் கடைசி இலக்கங்கள் நிற்காமல் ஆடும். தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும், பிறகு கதவை மூடி நிறுக்க வேண்டும். கேட்டால் செய்வார்கள், கூச்சப்படாதீர்கள். வாங்குவது ஒரு கிராம்தானே என்று நாமே நம்மைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

பிஸ்கட்டில் பொறித்த வரிசை எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள், பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. அளவு நல்ல சாட்சி: பித்தளையின் அடர்த்தி தங்கத்தில் பாதிகூட இல்லை. அதனால் அதே எடைக்கு முலாம் பூசிய போலி இரண்டு மடங்குக்கு மேல் தடித்துத் தெரியும். பில்லில் எடை, மாற்று, வரிசை எண், கிராம் விலை, கூலி, வரி எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும்.

படி 7: வீட்டுக்கு வந்த பிறகு

அட்டையைப் பிரிக்காதீர்கள். நான் என் முதல் அரை கிராமைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிவிட்டேன். விற்கும்போது, சோதித்துத்தான் எடுக்க முடியும் என்று சொல்லி, அதற்கு மட்டும் விலையைக் குறைத்தார்கள். சுத்தத் தங்கம் மெத்தென்றது; வெறுமனே பையில் போட்டு வைத்தாலே கீறல் விழும். துடைக்கவும் வேண்டாம், மெருகேற்றவும் வேண்டாம். பில்லைப் படம் எடுத்து வையுங்கள், வெப்பத்தாள் பில் நாளடைவில் வெளுத்துவிடும். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

கடைசியாக ஒரு சின்ன நோட்டு. தேதி, எடை, மாற்று, கொடுத்த மொத்தம், அன்றைய உலோக மதிப்பு, அன்று கடை சொன்ன திரும்ப எடுக்கும் விலை என்று ஆறு கட்டம் போதும். அடுத்த தடவை வாங்கப் போகும் முன் அதை எடுத்துக் கடைசி இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள். அந்தக் கடைக்கே மறுபடி போகலாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.