விலைப்புள்ளி அனுப்பிய பின் பதில் வராவிட்டால்

விலைப்புள்ளியைப் பெற்ற வாடிக்கையாளர் பதில் சொல்லாமல் இருந்தால், ‘பார்த்தீர்களா சார்?’ என்று நாள்தோறும் வாட்ஸ்அப்பில் கேட்பதைவிட, அவர் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றை ஒரு வாரம் கழித்து அனுப்புவது நல்லது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்த விலை கொடுத்திருக்கிறீர்கள் என்றால், ‘எட்டுக் கேமராவும் இப்போதே வேண்டுமா, வாசலுக்கும் கிடங்குக்கும் மட்டும் முதலில் போட்டுவிடலாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். தொகை அதிகம் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குபவர்கூட இதற்குப் பதில் எழுதிவிடுவார். பல நிறுவனங்களில் நம்மிடம் பேசுபவர் ஒருவர், காசோலையில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்பதால், முதலாளியிடம் அப்படியே காட்டத்தக்க ஒரு பக்கச் சுருக்கத்தை, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்த மொத்தத் தொகையுடன் இணைத்துவிடுங்கள். ஆடி மாதத்தில் புதிய வேலையைத் தொடங்கத் தயங்குவோர் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஆவணி பிறந்ததும் பேசுவதாகச் சொல்லித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில், கணக்கு முடிக்கும் நெருக்கடியில் இருப்பவர்களைத் துரத்த வேண்டாம். மூன்றாம் முறையும் பதில் இல்லையென்றால், இந்த விலை இன்ன தேதிவரைதான் செல்லும் என்று மரியாதையாக எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். அந்தக் கடிதத்தைக் கண்டதும்தான் சிலர் போனையே எடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.